கிணற்றடி எல்லா உயிருக்கும்: எங்கள் கொள்கைப் பிரகடனம்

வேடந்தாங்கல் காடல்ல, ஏரி. பாசனத்துக்காக மனிதர்கள் கரை போட்ட ஏரி. அங்கே நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்து உரமேறிய தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. அதன் அருமை தெரிந்த ஊரார், பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். 2022இல் அந்த ஏரி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உழவுக்காகச் செய்த நீர்நிலை பிற உயிர்களுக்கும் வீடாகும் என்பதற்கு வேறு சான்று எங்களுக்குத் தேவையில்லை.

அந்த ஏரியைப் போலவே உழவுக்காக வெட்டிய பழைய கவலைக் கிணறுகள் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. மாடுகள் சால் இழுத்த சரிவில் இன்று சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது. மனை போட வருகிறவர்கள் முதலில் மூடுவதும் கிணற்றைத்தான். ஒரு கிணற்றைக்கூட இனி மூட விடமாட்டோம். கிணற்றின் மேல் சாய்ந்த கிளையில்தான் தூக்கணாங்குருவி விரும்பிக் கூடு தொங்கவிடும். அந்தக் கிளையை வெட்ட விடமாட்டோம்.

அந்தக் கிணறுகளைச் சுற்றிய நிலங்களைத் தோட்டமாக்குவோம். பார்வைக்கான தோட்டமல்ல. புல்தரையும் வெளிநாட்டு அலங்காரச் செடியும் அங்கே வேண்டாம். இந்தக் கரையோரத்துக் குறுங்காட்டின் வீரை, காசான், உலக்கைப் பாலை, களா, காரை, சூரை இவற்றோடு இலுப்பையும் பனையும் மட்டுமே நடுவோம். முள் இருக்கட்டும், சின்னக் குருவிக்கு முள்தான் கோட்டை. இலுப்பைப் பூவுக்கு வௌவால் வரும், வரட்டும். சருகைக் கொளுத்தமாட்டோம். பூச்சிமருந்தும் எலிமருந்தும் உள்ளே நுழையக்கூடாது.

பாம்பும் வரும். அடிக்கமாட்டோம். வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தி, பாம்பின் நஞ்செடுத்து மனித உயிர் காக்க உதவிவரும் இருளர்களைவிட இந்த மண்ணைப் படித்தவர்கள் யார்? எங்கள் தோட்டங்களில் அவர்கள் கூலியாட்கள் அல்ல, ஆசிரியர்கள். அதற்கான ஊதியமும் முதல் இருக்கையும் அவர்களுக்கு உண்டு.

கடலோரத் தோட்டத்துக்குக் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு. ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடி, கடலை விட்டு ரோட்டுக்குப் போய்ச் சாகின்றன. அந்த மாதங்களில் கடல் பார்த்த விளக்குகள் எரியக்கூடாது, அது எங்கள் உறுப்பினர் வீடானாலும் விடுதியானாலும்.

சேருவதற்குச் சந்தா கிடையாது. ஒரு பழைய கிணற்றைக் காட்டுங்கள், சொந்தக்காரரின் சம்மதத்தோடு வாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் பனங்கொட்டை ஊன்றிவிட வேண்டும். குழி எடுக்கும் வேலை ஆவணியில் தொடங்குகிறது.