மாரி வெள்ளமும் மோட்டார் வண்டியின் மூச்சும்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், திருகோணமலையில் வானத்தைப் பார்த்துத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் நமது கரையோரமாகவே நாட்டினுள் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு வந்த வெள்ளத்தில் மூதூரும் வெருகலும் பட்ட பாட்டை எவரும் மறந்திரார். இத்தகைய ஊரில் வண்டியின் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய பளபளக்கும் குழாயைப் பூட்ட விரும்பும் இளைஞருக்கு இவ்வாரம் சில வார்த்தைகள்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று வேண்டும். அவ்வளவையும் இயந்திரம் ஒரே துவாரத்தினூடாக உறிஞ்சுகிறது. வண்டியை ஆக்கியோர் அத்துவாரத்தைப் பெரும்பாலும் முன்விளக்கின் உயரத்தில் வைத்து, வடிகட்டியை ஒரு பெட்டியினுள் அடக்கியிருப்பார்கள். பெட்டியின் அடியிலே, தப்பி வந்த மழைத்துளி ஒழுகிப்போகச் சிறு துளையும் இருக்கும். கடைக்குழாயோ குளிர்ந்த காற்றைத் தேடிப் பம்பருக்குப் பின்னே, சக்கரத்தின் அருகே, தாழ இறங்குகிறது. காற்று 3 பாகை குளிர்ந்தால் அதன் அடர்த்தி நூற்றுக்கு ஒரு பங்கு கூடும். ஆகவே பலன் அறவே இல்லையென்று கூற முடியாது. சாதாரண வண்டியில் அந்தப் பலனைக் காலை விடக் காதுதான் அதிகம் உணரும் என்பது நமது எண்ணம்.

மழையில் ஓடுவதனால் மட்டும் பெரிய கேடு வந்துவிடாது. வடிகட்டி சற்று நனையலாம். சிறிது ஈரம் உள்ளே போனால் அது ஆவியாகி வெளியேறிவிடும். வடிகட்டி தண்ணீரில் மூழ்கும்போதே ஆபத்து. நான்கு சிலிண்டர்களுடைய 1,500 சி.சி. இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்றாயின், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் மேலே எஞ்சும் இடம் சுமார் 42 மில்லிலீற்றர். மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. அவ்விடத்தைவிட அதிகமாகத் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் பாதிவழியில் மோதி நிற்கும். அதைத் தள்ளிவரும் இரும்புத் தண்டு வளையும், சில வேளை முறிந்து இயந்திரத்தின் உடலையே துளைத்துவிடும். டீசல் இயந்திரத்தில் அந்த இடம் இன்னும் குறுகியது.

தண்ணீர் தாழ்வாயிருக்கிறதே என்றும் நம்பியிருக்க முடியாது. எதிரே வரும் பஸ் எழுப்பும் அலை போதும்.

1944இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய நேசநாட்டு வாகனங்களுக்குக் காற்றுக் குழாயை மேலே உயர்த்தியே பூட்டினார்கள். மூக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்பது பட்டாளத்தார் அறிந்த விஷயம். அப்படி உயர்த்திவிட்டாலும் ஓடும் வெள்ளத்தில் துணியலாகாது. ஓரடி நீரே சிறிய காரை மிதக்கச் செய்யவும், இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லவும் வல்லது.

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததனால் பழைய ஜப்பானிய வண்டியே பல குடும்பங்களின் பெருஞ்சொத்தாயிற்று. நள்ளிரவில் பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணை ஏற்றிப்போக அயலில் அந்த ஒரு வண்டிதான் இருக்கும். ஆகையால் மாரிக்கு முன்னர் பழைய பெட்டியையே திரும்பப் பூட்டிவிடுவது நன்று. அதைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடாமல் பரணில் போட்டு வையுங்கள்.

தண்ணீருக்குள் இயந்திரம் நின்றுபோனால் சாவியை மறுபடி திருப்பவே வேண்டாம். முதல் மோதலில் தப்பிய தண்டும் இரண்டாம் முயற்சியில் வளைந்துவிடக்கூடும். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, மெக்கானிக்கை அழைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பின்னரே இயந்திரத்தைச் சுற்றவிட்டு நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அதிலும் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.