மோட்டாருக்கும் வேண்டும் ரகசிய எண்

சகோதரிகளே, போன இதழில் வேர்க்குருவுக்குக் கைவைத்தியம் எழுதியிருந்தேன். இந்தத் தடவை கிணற்று மோட்டாரைப் பற்றி எழுதுகிறேன். "பொம்பளைகளுக்கு எதுக்கு இது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். என் தாலி தப்பிய கதை இது.

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலை போகிற வழியில் எங்கள் தோட்டம். ராத்திரி கரண்ட் வந்தால் டார்ச் லைட்டோடு போகணும். பாம்பு, தேள் பயம். அதனால் செல்போனில் மோட்டார் போடுகிற பெட்டி ஒன்று வாங்கி மாட்டினோம். இது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் இப்படிச் செய்த 'நானோ கணேஷ்' கருவிக்கு 2009-லேயே நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு கிடைத்தது.

பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த நம்பருக்கு ரகசிய எண்ணோடு மெஸேஜ் அனுப்பினால் மோட்டார் ஓடும், நிற்கும்.

ஒருநாள் எங்க வீட்டுக்காரர் பம்பின் தண்டில் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டு போனேன். "ஏனுங்க, ஆறிப்போயிரும், குடிச்சிட்டுச் செய்யுங்க" என்றேன். அவர் கையை எடுத்து டம்ளரை வாங்கினாரோ இல்லையோ, மோட்டார் தானாக ஓடத் தொடங்கிற்று! பக்கத்தில் வைத்திருந்த துண்டைத் தண்டு சுருட்டி இழுத்துக்கொண்டது. துண்டு இருந்த இடத்தில் சற்று முன் அவர் கை இருந்தது. எனக்குக் கைகால் உதறிவிட்டது.

விசாரித்தால், பேய் பிசாசு ஒன்றுமில்லை. அடுத்த தோட்டத்து அண்ணனும் அதே மாதிரிப் பெட்டிதான் வைத்திருக்கிறார். சிம் இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. கடைசி எண்ணில் மட்டும் வித்தியாசம். அவர் ஒரு எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டார். பெட்டி வரும்போதே இருந்த 1234-ஐ இரண்டு வீட்டாரும் மாற்றவே இல்லை. அவர் சாவி எங்கள் பூட்டையும் திறந்துவிட்டது!

இப்படி எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண் வைத்து விற்கக்கூடாது என்று இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே அமலில் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

* பெட்டி மாட்டுகிற அன்றே, மாட்ட வந்தவரை வைத்துக்கொண்டே ரகசிய எண்ணை மாற்றுங்கள். பிறந்த வருஷம், வண்டி நம்பர் வேண்டாம். பெட்டி மேல் எழுதியும் வைக்காதீர்கள்.

* நம் வீட்டு நம்பர்களுக்கு மட்டும் கட்டுப்படும்படி பதிந்து வைக்க வசதி இருந்தால் தவறாமல் பதியுங்கள்.

* 2ஜி-யில் மட்டும் வேலை செய்கிற பெட்டிக்கு ஜியோ சிம் சேராது. அதில் 2ஜி கிடையாது. எந்த சிம் ஆனாலும் மோட்டார் ரூமிலேயே சிக்னல் பாருங்கள். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

* மோட்டாரில் கை வைக்கும் முன் மெயினை நிறுத்தி, பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செல்போனில் நிறுத்தியதை நம்பவே கூடாது.

வீட்டில் சிம் போட்ட திருட்டு அலாரம் வைத்திருப்பவர்களுக்கும் முதல் மூன்றும் பொருந்தும். எண் தெரிந்தவன் வெளியில் இருந்தபடியே அதை வாயடைத்துவிடலாம்.

எங்கள் எண்ணை நானே மாற்றினேன். அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். உங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் 1234-தானா? இன்று சாயந்திரம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.