கட்டியை எடுத்தாயிற்று, அப்புறம்?

என் தங்கை பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. அடிக்கடி தலைவலி, வாந்தி. வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். பக்கத்தில் வருகிற சைக்கிள்கூடத் தெரியவில்லை என்றான். கண்ணாடி போட்டும் சரியாகவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகுதான் மூளைக்கு அடியில் கட்டி என்று தெரிந்தது. பெயர் கிரானியோஃபாரிஞ்சியோமா.

இது புற்றுநோய் அல்ல. கருவில் பிட்யூட்டரி சுரப்பி உருவாகும்போது மிஞ்சிப்போன செல்களிலிருந்து வளர்வது என்கிறார்கள். சிறுவர்களுக்கும் வரும், ஐம்பதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களுக்கும் வரும். கட்டி சாதுதான், இருக்கும் இடம்தான் பொல்லாதது. பக்கத்திலேயே கண் நரம்பு, கீழே பிட்யூட்டரி, மேலே பசியையும் தாகத்தையும் தூக்கத்தையும் ஆளும் ஹைப்போதாலமஸ்.

"முழுக்க எடுத்தாச்சு" என்றார் டாக்டர். மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைத்தோம். பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. ஓயாத தாகம், ஓயாமல் சிறுநீர். அதற்கு டெஸ்மோபிரசின், கூடவே தைராக்சின், ஹைட்ரோகார்டிசோன், எல்லாம் ஆயுசுக்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை, உடம்பு ஊதிக்கொண்டே போனது. ஒரு கல்யாணப் பந்தியில் "வாயைக் கட்டுடா" என்று நானே சொன்னேன். இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அது தீனிப் பழக்கம் அல்ல, ஹைப்போதாலமஸில் பட்ட காயம் என்று பிறகு படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

பிரெஞ்சில் படித்தது அப்போதுதான் உதவியது. பாரீஸின் நெக்கர் மருத்துவமனை டாக்டர்கள் 2007-ல் ஒரு முறையை வெளியிட்டிருக்கிறார்கள். கட்டி ஹைப்போதாலமஸை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று முதலில் எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பது; ஆழமாகப் பிடித்திருந்தால் அந்தப் பகுதியைக் கிள்ளாமல் விட்டு, மிச்சத்தைக் கதிர்வீச்சால் அடக்குவது. விட்டால் மறுபடி வளரலாம், கதிர்வீச்சுக்கும் பின்விளைவு உண்டு. ஆனால் முழுக்க எடுத்தாலும் திரும்பி வருவதுண்டே!

ஆபீசில் ஃபைலை மூடினால் வேலை முடிந்தது என்று நினைத்த ஆள் நான். இந்த நோயில் அது சரிவராது. எவ்வளவு எடுத்தார்கள் என்பதோடு, பிள்ளை எப்படி வாழ்கிறான் என்பதையும் வைத்துத்தான் வெற்றியை அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்தால், கையெழுத்துப் போடுமுன் "ஹைப்போதாலமஸ் எப்படி இருக்கிறது, பிறகு யார் கவனிப்பார்கள்?" என்று கேளுங்கள். ஹார்மோன் டாக்டர் முதல் நாளிலிருந்தே கூட இருக்கட்டும். ஹைட்ரோகார்டிசோனை ஒருநாளும் தானாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். சாயங்காலம் இருவரும் கடற்கரையில் நடக்கிறோம். அவன் தட்டைப் பற்றி நான் பேசுவதில்லை.