குதிரைக்குக் கணக்குத் தெரியுமா?

மனோதத்துவம் படிக்கும் மாணாக்கர்கள் "கட்டுப்படுத்திய பரிசோதனை என்றால் என்ன?" என்ற கேள்விக்கு நான்கு வரியை உருப்போட்டு, பரீட்சைத் தாளில் அப்படியே கக்கிவிட்டு மார்க்கு வாங்கி வருகிறார்கள். பொருள் தெரியாமல் மந்திரம் சொல்லும் புரோகிதனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். பிள்ளைகள் மீது நமக்குக் கோபமில்லை. உருப்போட்டதற்கே மார்க்குக் கொடுக்கும் முறை மீதுதான் கோபம்.

அந்த நான்கு வரிக்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்போம். பெர்லின் பட்டணத்தில் வான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். "இரண்டும் மூன்றும் எத்தனை?" என்றால் அது குளம்பால் ஐந்து தரம் தட்டும். 1904-ல் ஒரு கமிட்டி பார்த்துவிட்டு, இதில் சூதில்லை என்றது. வாஸ்தவம், சூதில்லைதான். மனிதர் காசுக்கு வேடிக்கை காட்டியவருமல்ல.

பிறகு ஆஸ்கார் பூங்ஸ்ட் என்பவர் வந்தார். ஒருவர் குதிரையின் காதில் ஓர் எண்ணைச் சொல்ல, மற்றவர் அவருக்குத் தெரியாமல் இன்னோர் எண்ணைச் சொல்ல, இரண்டையும் கூட்டும்படி கேட்கச் செய்தார். கூட்டுத்தொகை அங்கிருந்த மனிதர் யாருக்கும் தெரியாது. குதிரைக்கும் தெரியவில்லை! கேட்பவர் கண்ணில் படாமல் மறைத்தபோதும் அதே கதிதான்.

சங்கதி இதுதான்: கேட்பவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றுக் குனிகிறார், சரியான எண் வந்ததும் தம்மை அறியாமலே துளி நிமிர்கிறார், குதிரை நிறுத்திவிடுகிறது. பூங்ஸ்ட் தாமே குதிரைபோல் தட்டி, பிறர் மனதில் நினைத்த எண்ணை அவர்கள் தலையசைவைக் கொண்டே சொன்னார். இவையெல்லாம் 1907-ல் புத்தகமாக வந்தன.

இதிலே கேள்வி ஒன்றே, குதிரை ஒன்றே. கேட்பவருக்கு விடை தெரியுமா தெரியாதா என்பது ஒன்றைத்தான் மாற்றினார். அதுவே சாரா மாறி. குதிரை சொல்லும் விடை சார்ந்த மாறி. இவ்வளவுதான், இதற்கு உருப்போடுவானேன்?

"கமிட்டியார் படித்தவர்களாயிற்றே?" என்பார்கள். அவர்கள் ஆஸ்டனிடத்தில் திருட்டைத் தேடினார்கள். கேட்பவர் தலையசைவைத் தேடவில்லை. 1963-ல் அமெரிக்காவில் ரோசெந்தால் என்பவர் ஒரே இன எலிகளைச் சில மாணாக்கரிடம் புத்தியுள்ளவை என்றும், வேறு சிலரிடம் மந்தமானவை என்றும் சொல்லிக் கொடுத்தார். புத்தியுள்ளவை எனப்பட்டவையே நன்றாக வழி கண்டுபிடித்ததாக அந்த மாணாக்கர் கணக்குக் காட்டினார்கள். அவர்களும் யோக்கியர்களே. மருந்துச் சோதனைகளில் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பதை நோயாளிக்கும் வைத்தியருக்கும் மறைப்பது இதற்காகத்தான்.

ஜோசியர் எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்த்தே பலன் சொல்லுகிறார். அது ஜாதகத்திலிருந்து வருகிறதா, முகத்திலிருந்து வருகிறதா என்று எப்படிச் சோதிப்பாய்? இப்படி ஒரு கேள்வியை அடுத்த பரீட்சையில் போடட்டும், பார்ப்போம்.