பெரிய ராடு வேண்டாம், பொருந்துற ராடு வாங்குங்க

காட்டூர்க்காரனுக்குக் கடல் பக்கத்தில் இல்லை. தஞ்சாவூர் பஸ் ஏறி, கும்பகோணம், மயிலாடுதுறை, சீர்காழி என்று மாறி மாறிப் போனால்தான் பழையாறு வரும். நம்ம ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடுகிற அதே கொள்ளிடம் அங்கேதான் கடலில் சேர்கிறது. மூணாவது வருஷ லீவில், புது ராடும் ரீலுமாக நான் முதல் தடவை கடலில் லூர் எறியப் போனது அந்த முகத்துவாரத்துக்குத்தான். போய், ஒரு நல்ல கொடுவாவை இழந்துவிட்டு வந்தேன். தப்பு மீன் மேல இல்லை, என் ஷாப்பிங் லிஸ்ட் மேல. நீங்களும் அதே லிஸ்ட்டோடு கிளம்பக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: லூர் என்றால் பொய் இரை. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ சின்ன மீன் மாதிரி செய்திருப்பார்கள். எறிந்துவிட்டுச் சுருட்டினால் அது நீந்துவது போல அசையும், பெரிய மீன் ஏமாந்து அடிக்கும்.

இப்போ என் லிஸ்ட்டைப் பாருங்க. பத்தடி ராடு, 40 முதல் 80 கிராம் எடையுள்ள லூர் எறிவதற்கானது. ரீல் 6000 சைஸ். 50 பவுண்டு பின்னல் நரம்பு. லூர் மட்டும் 14 கிராம், ஏன்னா காசு தீர்ந்துபோச்சு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல சாமான்தான், ரிவியூ எல்லாம் அஞ்சு ஸ்டார். ரெண்டு மாச இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் அதில் போனது. ஒன்றாகச் சேர்த்து எறிந்தபோது லூர் இருபது அடி தூரத்தில் 'தொப்'பென்று விழுந்தது.

ஏன் என்பதை நாமெல்லாம் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். ராடு ஒரு ஸ்பிரிங். பின்னால் வீசும்போது லூரின் எடைதான் அதை வளைக்கிறது. அந்த வளைவில் சேர்கிற சக்திதான் திரும்ப லூரைத் தூக்கி எறிகிறது. 80 கிராமுக்குச் செய்த ராடுக்கு 14 கிராம் ஒரு பொருட்டே இல்லை, வளையவே வளையாது. போதாததுக்கு தடி நரம்பு காற்றிலும் வளையங்களிலும் உரசி, இருக்கிற வேகத்தையும் தின்றுவிடும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கழன்றுவிடும் போல ஆகிவிட்டது.

அப்படியும் ஒரு கொடுவா, கரைக்குப் பக்கத்திலேயே அடித்தது. "ஸ்ட்ராங்" செட் ஆச்சே என்று டிராக்கை முழுசாக இறுக்கி வைத்திருந்தேன். டிராக் என்பது ரீலுக்குள் இருக்கும் பிரேக். மீன் ரொம்ப இழுத்தால் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கணும். என் டிராக் விடலை, ராடு வளையலை, பின்னல் நரம்புக்கு நீளும் குணமே கிடையாது. அப்போ அந்த மொத்த இழுவையும் எங்கே போகும்? குட்டி லூரில் இருந்த குட்டி முள்ளுக்கு. மீன் ஒரு தடவை தண்ணிக்கு மேலே எகிறித் தலையை உதறியது. லூர் மட்டும் திரும்பி வந்தது, ரெண்டு முள்ளும் நிமிர்ந்துபோய்.

கூட வந்த கிளாஸ்மேட் கதை நேர் எதிர். அவன் ராடு 2 முதல் 7 கிராம் லூருக்கான ஒல்லிக்குச்சி, அதில் 30 பவுண்டு நரம்பு. அடியில் எதிலோ லூர் சிக்கியது. ராடைத் தூக்கி இழுத்தான். நரம்பு அறுபடுவதற்கு முன்னால் ராடு ரெண்டாக உடைந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் ராடும் இல்லை ரீலும் இல்லை, வெறும் கைநரம்போடு நின்றிருந்தார். என் நிமிர்ந்த முள்ளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீனு இழுக்கையில குடுக்கணும் தம்பி, நிக்கையில வாங்கணும். நீ குடுக்கவே இல்லையே." அவருக்கு டிராக் அவர் விரல்தான். முள், நரம்பு, கை மூன்றும் ஒரே அளவில் பழகியிருக்கின்றன.

என் கருத்து இதுதான்: முதல் கடல் செட் லைட்டாக இருக்கட்டும், ஆனால் எல்லாமே ஒரே அளவில் லைட்டாக இருக்கட்டும். நாம் ராடில் ஆரம்பித்து லூரில் முடிக்கிறோம். திருப்பிப் போடுங்கள். மீனில் ஆரம்பிங்க.

நம்ம பக்க முகத்துவாரத்தில், கரையில் நின்று எறிந்தால் எதிர்பார்க்கக்கூடியது நடுத்தர கொடுவா, பாரை. அதற்கு 10 முதல் 25 கிராம் லூர் போதும். அப்போ ராடு எட்டு, எட்டரை அடி. கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் எத்தனை கிராம் லூர் என்று போட்டிருக்கும், 10 முதல் 30 என்று இருந்தால் சரி. கடையில் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான். நரம்பு 20 பவுண்டு பின்னல், 150 மீட்டராவது இருக்கட்டும். ரீல் 3000 அல்லது 4000 சைஸ். கம்பெனிக்குக் கம்பெனி இந்த நம்பர் மாறும், அதனால் ரீலை ராடில் மாட்டி, ரீல் பக்கத்தில் ஒரு விரலில் வைத்துப் பாருங்க. முனை ரொம்பத் தாழ்ந்தால் நாள் முழுக்க அந்தப் பாரத்தை உங்கள் மணிக்கட்டுதான் சுமக்கணும். நரம்பின் நுனியில் ஒரு மீட்டர் அளவுக்கு 30 பவுண்டு லீடர். கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி, செவுள் மூடி பிளேடு மாதிரி, அந்த இடத்தில் மட்டும் தடிமன் தேவை.

"பெரிய மீன் மாட்டினா?" என்று கேட்பீங்க. 20 பவுண்டு என்பது கிட்டத்தட்ட 9 கிலோ. டிராக்கை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்காமல், இரண்டரை, மூன்று கிலோவில் வையுங்க. கம்மி மாதிரி தெரியும். மொட்டை மாடியில் நண்பன் கையில் ஒரு கொக்கித் தராசைக் கொடுத்து, நரம்பைக் கட்டி, ராடால் இழுத்துப் பாருங்க. மூன்று கிலோ காட்டும்போது ராடு எப்படி வளையுது, உங்க கை எப்படி நடுங்குதுன்னு தெரியும். நான் செய்து பார்த்துவிட்டு வெட்கப்பட்டேன்.

இன்னொன்று: மீன் ஓட ஓட ஸ்பூலில் நரம்பு குறையும், சுற்றின் ஆரமும் குறையும். டிராக்கின் டார்க் மாறாது. ஆரம் முக்கால் ஆனால் இழுவை மூன்றில் ஒரு பங்கு தானாகவே ஏறிவிடும். எனவே பெரிய மீன் தூரமாக ஓடும்போது டிராக்கை இறுக்காதீங்க, கொஞ்சம் தளர்த்துங்க.

அதுக்காக "ரொம்ப மெல்லிசான செட்ல பெரிய மீன் பிடிச்சேன்" என்று ரீல்ஸ் போடுவதற்கும் நான் ஆதரவு இல்லை. மெல்லிய செட்டில் சண்டை நீளும், மீன் களைத்துப்போகும், விட்டாலும் பிழைக்காமல் போகலாம். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் இனம். கையில் கிடைக்கிற பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய்தான். அதைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து, சீக்கிரம் திருப்பி விடக்கூடிய செட்தான் பொருத்தமான செட். கனமும் ஜெயிக்காது, மெல்லிசும் ஜெயிக்காது.

நாம் லேப்டாப் வாங்குவதும் இப்படித்தான், ப்ராஜெக்ட்டுக்கு மோட்டார் வாங்குவதும் இப்படித்தான். ஒவ்வொரு பாகத்திலும் இருப்பதிலேயே பெரிய நம்பரைத் தேடுகிறோம். பாகங்கள் ஒன்றோடொன்று பேசுமா என்று கேட்பதில்லை. நாலு வருஷம் சிஸ்டம், சிஸ்டம் என்று படித்த எனக்கே அது முள் நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது.

பத்தடி ராடை விற்று, எட்டடியில் ஒன்று வாங்கினேன். காட்டூரில் ஒரு காலி மனையில், முள் கழற்றிய லூரை வைத்து ஒரு மாசம் எறிந்து பழகினேன். பக்கத்து வீட்டுப் பசங்க இன்னமும் "அண்ணா, மண்ணுல மீன் மாட்டுச்சா?" என்று கேட்கிறார்கள். அடுத்த தடவை பழையாறில் மாட்டியது ஒன்றரை சாண் பாரை ஒன்றுதான். ஆனால் அது ஓடியபோது ராடு வளைந்தது, டிராக் கிர்ரென்று விட்டது, முள் முள்ளாகவே இருந்தது.

வாங்கப் போறீங்கன்னா கடைக்காரர் "எந்த ராடு தம்பி?" என்று கேட்பார். "பதினஞ்சு கிராம் லூர் எறியணும் அண்ணே" என்று ஆரம்பிங்க. மிச்சம் காசில் பஸ் டிக்கெட் எடுக்கலாம்.