தனி டம்ளர்

டிசம்பர் லீவில் நாகப்பட்டினம் பக்கம் போனபோது கீழ்வெண்மணி நினைவிடத்துக்கும் போய் வந்தோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல் கூடக் கேட்ட தலித் குடும்பங்களில், உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேரைக் கொளுத்திய இடம். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்கள் பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

"சுத்துப்பட்டு ஜனங்க சும்மாவா இருந்தாங்க?" என்று கேட்டாள் என் மகள். எனக்குப் பதில் வரவில்லை.

1945-ல் ஜெர்மனியின் வைமர் நகரவாசிகளை அமெரிக்க ராணுவம் புக்கன்வால்ட் முகாமுக்குக் கூட்டிப்போய்க் காட்டியது. "எங்களுக்குத் தெரியாது" என்றார்களாம் பலர். முகாம் இருந்ததோ அவர்கள் ஊரை ஒட்டிய குன்றில்!

வள்ளூர் திரும்பியதும் காபி போட அடுக்களைக்குப் போனேன். ஜன்னல் மேடையில் எங்க வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் தனி டம்ளர். மாமியார் காலத்து வழக்கம், நானும் மாற்றவில்லை. தீ வைப்பவர்கள் சிலர்தான். 'அவங்க வேற, நாம வேற' என்று பிள்ளைகளுக்குப் பழக்குவது நம்ம அடுக்களைதானே?

மறுநாள் இருவருக்கும் ஒரே செட் டம்ளரில் காபி ஊற்றினேன். அவர் வாங்கத் தயங்கினார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. உங்க வீட்டு ஜன்னல் மேடையையும் ஒரு தடவை பாருங்களேன்.