மறைந்திருந்த பெண்மணி

"ராஜாங்க விஷயம் உனக்கெதற்கு?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், சகோதரிகளே, மெர்ஸி வாரன் அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள்.

1787-ல் பிலடெல்பியாவில் எழுதிய அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று அமெரிக்க ராஜ்யங்கள் வாதாடிய சமயம். மத்திய சர்க்கார் வரி போடலாம், நிரந்தரப் பட்டாளம் வைக்கலாம். பத்திரிகைச் சுதந்தரத்துக்கோ ஒரு வரி உத்தரவாதம் கிடையாது! அம்மாள் பொறுப்பாரா? 1788-ல் புனைபெயரில் காரசாரமாக ஒரு பிரசுரம் எழுதிவிட்டார். அவருடைய மாஸசூஸெட்ஸிலேயே 187-க்கு 168 என்று சட்டம் ஜெயித்தது, அது வேறு விஷயம். பத்திரிகைச் சுதந்தரம் 1791-ல் முதல் திருத்தமாக வந்து சேர்ந்தது.

பிரசுரத்தை எழுதியவர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி என்றே நூறு வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். ஆண்பிள்ளைதானே எழுதியிருக்க முடியும்! 1930-களில்தான் ஒரு பழைய கடிதம் குட்டை உடைத்தது.